ஏழாம் புட்டி

தீவுக்கு மூன்று நாளாய் விமானம் வரவில்லை.
சகாரா கடல் தாண்டி வந்து
மிந்தேலோவின் மாடிக் கொடிகளில்
காயும் படுக்கை விரிப்புகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
காப்பிக்கடைக்காரர் மேசையைத் துடைக்கிறார்.
கோப்பையை வைத்துவிட்டு வந்து
மறுபடி துடைக்கிறார்.
மலை இருந்த திசையில்
டீ ஆறிப்போன நிறத்தில் வெறுமை.

இந்த நாளுக்காகத்தான்
ஓர்லாந்தினா ஐந்து வாரமாய்ப் புட்டிகளை
அமிலத்தில் ஊறப்போட்டிருந்தாள்.

படகேறுமுன் கழற்ற வேண்டியவை:
மோதிரம், தோடு, கொண்டை ஊசி,
ஜிப் வைத்த மேல்சட்டை.
படகோட்டி அதெரிதோவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று உலோகம்.
"நீ வாயைத் திறக்காதே" என்றாள்.

எங்கே கேட்டான்.
"இரும்பு தேடிப் போகிறவள்
இரும்பைக் கண்டு இப்படிப் பயந்தால் எப்படி?"
"பட்டினி கிடக்கும் வீட்டில்
எத்தனை அரிசி இருக்கிறதென்று எண்ணப் போகிறோம்.
நம் சட்டைப்பையிலிருந்து
ஒரு மணி விழுந்தாலும் கணக்கு பொய்."

இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு வேலையில்லை என்பார்கள்.
இரும்பே இல்லாத இடத்தில்
ஈயைவிட எவ்வளவோ சிறியவற்றுக்கு
ஓயாத வேலை.

இன்ஜினை நிறுத்தினான்.
காற்று வரும் பக்கம் முகம் வைத்து
முதல் புட்டி, இரண்டாம் புட்டி.
நீலத்தின் மேல் மரத்தூள் கொட்டியதுபோல்
பழுப்புத் திட்டுகள் மிதந்தன.
தூள் அல்ல, உயிர்.
நூல் நூலாய்ப் பின்னிக்கொண்ட
கண்ணுக்கு எட்டியும் எட்டாத குஞ்சங்கள்.
பாலைவனத்தின் ஒரு துகள் மேலே வந்து விழுந்தால்
அதை உருட்டி உருட்டி
நடுவே கொண்டுபோய் வைத்துக்கொள்கின்றன.
கூடக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்
ஏதோ சுரந்து அதை இளக்குகின்றன.
பல்லில்லாதவர்கள் கல்லைத் தின்னும் முறை இது:
வட்டமாய் உட்கார்ந்து, பொறுமையாய்.

அந்த இரும்பு இருந்தால்தான்
காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச்
சோறாக்க முடியும்.
இல்லையென்றால்
சுற்றிலும் வெயில், சுற்றிலும் தண்ணீர், பசி.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

ஏழாம் புட்டியின் வாயருகே குனிந்தபோது
மூன்று நாள் வறண்ட காற்று
அவள் மூக்கின் உள்ளே எதையோ கீறிவிட்டது.
கையுறை வெள்ளை. மூடி வெள்ளை.
சொட்டு மட்டும் சிவப்பு.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
படகு ஒருமுறை ஏறி இறங்கியது.
அதெரிதோ அன்று காலையிலிருந்து முதல்முறையாக
பல் தெரியச் சிரித்தான்.
"கிடைத்துவிட்டது, இரும்பு."

அவளுக்குக் கோபம் வரவில்லை, கணக்கு வந்தது:
இந்த ஒரு சொட்டில் இருப்பது
ஐந்நூறு லிட்டர் கடலில் கரைந்திருப்பதைவிட அதிகம்.
இவ்வளவு வைத்துக்கொண்டா
நான் இத்தனை வருஷம் நடமாடினேன்,
சோகை என்று மாத்திரை வேறு விழுங்கிக்கொண்டு!

ஏட்டில் எழுதினாள்:
ஏழு. மாசு. காரணம், நான்.
புட்டியைக் கவிழ்த்தாள்.
இளஞ்சிவப்பாய்க்கூட எதுவும் தெரியவில்லை.
பழுப்புத் திட்டு ஒன்று
அலையோடு அந்தப் பக்கம் ஒதுங்கியது.
அலைதான் ஒதுக்கியது,
வேறொன்றுமில்லை என்று
தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எட்டாம் புட்டிக்குப்
புதுக் கையுறை மாட்டினாள்.
மூக்கில் பஞ்சு.

சாயங்காலம் மோதிரத்தைத் திரும்பப் போட்டபோது
விரலில் அது இருந்த தடத்தில்
மெல்லிய செம்மண் வளையம்.
எப்படி நுழைந்தது, இரண்டு கையுறைகளுக்கு அடியில்?
கழுவப் போனவள் கழுவாமல் நின்றாள்.

கீழே காப்பிக்கடைக்காரர்
நாளெல்லாம் கூட்டிய தூசைத் தட்டில் அள்ளிக்
கடற்சுவருக்கு அப்பால் கொட்டினார்.
யாரோ ஏந்திக்கொண்டதுபோல்
சத்தமே வரவில்லை.